பிங்லியில் படகு ஏறிய ஐந்து படிகள்

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஆளோடு இங்கிலாந்தின் பிங்லிக்குப் போனால் படம் எடுக்க நேரமே கிடைக்காது. கேள்விகளுக்குப் பதில் சொல்லவே சரி.

அப்பா வட்டக்கச்சியில் கமம் செய்பவர். பிராட்ஃபோர்ட் பக்கம் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது மச்சான் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். பிங்லி வழியாக ஓடுவது லீட்ஸையும் லிவர்பூலையும் இணைக்கும் 127 மைல் கால்வாய். நிலக்கரி, சுண்ணாம்புக்கல், கம்பளி எல்லாம் ஒருகாலத்தில் இதில்தான் போய்வந்தன. பிங்லியில் நிலம் சடாரென்று உயர்வதால் ஐந்து லொக்குகளை, அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த அறைகளை, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். ஏற்றம் ஏறக்குறைய 59 அடி. 1774 மார்ச்சில் திறந்தபோது 30,000 பேர் கூடினார்களாம். எனக்கு அந்தக் கணக்கில் கொஞ்சம் சந்தேகம்தான்!

நாங்கள் நின்றபோது ஒரு படகு மேலே ஏறியது. லொக் காவலர் இரும்புக் கைப்பிடியைச் சுற்ற, கதவின் அடியில் இருக்கும் சின்னத் துவாரம் திறந்தது. மேல் அறைத் தண்ணீர் கீழ் அறைக்குள் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. மெதுவாக, கல்லில் படிந்த பாசியை ஒவ்வொரு விரற்கடையாக மூடிக்கொண்டு படகு எழும்பியது. இரண்டு பக்கமும் மட்டம் சரியாகும் வரை அந்தப் பெரிய மரக்கதவை யாராலும் அசைக்க முடியாது, தண்ணீரே அழுத்திப் பிடித்திருக்கும். மட்டம் சரியானதும் கதவோடு பொருத்திய நீட்டுமரத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள், திறந்துவிட்டது. பம்பும் இல்லை, மோட்டரும் இல்லை.

அப்பா கைப்பிடியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். “உது எங்கட குளத்தில தண்ணி திறக்கிற துருசுத் திருகு மாதிரித்தான். அதுசரி, ஒவ்வொரு தரமும் இவ்வளவு தண்ணி கீழ போகுதே, மேல எங்கால வருது?”

நல்ல கேள்வி. படகு ஏறினாலும் இறங்கினாலும் தண்ணீர் கீழேதான் போகிறது. அதை ஈடுகட்ட மலைப்பக்கத்தில் குளங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். 2010இல் மழை பிழைத்தபோது இதே கால்வாயில் 60 மைல் தூரத்தைப் படகுகளுக்குப் பூட்டவேண்டி வந்தது. இதைக் கேட்டதும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கோடையில் செய்யும் சிறுபோக நெல்லுக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று குளத்து மட்டத்தைப் பார்த்துக் கூட்டம் வைத்து முடிவெடுக்கிற கதையை மச்சானுக்குச் சொல்லத் தொடங்கினார். மச்சான் கொழும்பில் வளர்ந்தவர், பாவம்.

போகிறவர்கள் படகு வரும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ஒரு படகு முழுவதும் ஏறி முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகலாம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், வழியில் மூன்று படி லொக் ஒன்றும் இருக்கிறது.