கடனாளிகளின் அந்தோனியார்

அன்பான ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஜூன் 13ஆம் திகதித் திருவிழாவுக்காக நம் தோட்டத்துக் கோயிலில் அச்சிடவிருக்கும் சிறுநூலில் புனித அந்தோனியாரின் வரலாற்றை எப்படி எழுதலாம் என்று சங்கம் கருத்துக் கேட்டிருந்தது. இதுவரை வந்த மடல்களில் பல, மீன்களுக்குப் பிரசங்கம் செய்த கதையையும், நற்கருணைக்கு முன் கோவேறு கழுதை முழந்தாளிட்ட கதையையும், தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் என்ற நம்பிக்கையையும் சேர்க்கச் சொல்கின்றன. அவை அவசியம் இருக்கட்டும். கோடி அற்புதர் என்று நாம் அழைக்கும் ஒருவருக்கு அற்புதமே இல்லாத வரலாறு எழுதினால் நம் அம்மாமார் அந்த நூலைக் கையாலும் தொட மாட்டார்கள். ஆனால், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தாராகிய நமக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கமான செயல் ஒன்று அவருடைய வாழ்வில் இருக்கிறது. நம் கோயிலில் நடந்த எந்தப் பிரசங்கத்திலும் அதை நான் கேட்டதில்லை. அதற்கு இரண்டு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். அவர் 1195ஆம் ஆண்டளவில் போர்த்துக்கலின் லிஸ்பன் நகரில் பெர்னாண்டோ என்ற பெயருடன் பிறந்தார் (நம் நாட்டில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை). அகுஸ்தீன் சபையில் சேர்ந்து கோயிம்பிராவில் வேதம் படித்துக்கொண்டிருந்தபோது, மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் 1220இல் அந்நகருக்குக் கொண்டுவரப்பட்டன. அதைக் கண்டு மனம் கலங்கியவர், பிரான்சிஸ்கன் சபைக்கு மாறி, அந்தோனி என்ற பெயரை ஏற்று, தாமும் வேதசாட்சியாக மரிக்க விரும்பி மொரோக்கோவுக்குக் கப்பலேறினார். போன இடத்தில் நோயில் விழுந்தார். திரும்பி வந்த கப்பலைப் புயல் சிசிலித் தீவில் கொண்டுபோய் ஒதுக்கியது. போய்ச் சேர நினைத்த ஊர் ஒன்று, வாழக் கிடைத்த ஊர் இன்னொன்று என்ற நிலை, டொரொண்டோவிலும் லண்டனிலும் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கும், நம்மவரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் கப்பலேறித் தமிழ்நாட்டின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியமர்ந்த நம் உறவுகளுக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதல்ல.

நான் சொல்ல வந்த செயல் அவருடைய கடைசி ஆண்டில், வட இத்தாலியின் பதுவை நகரில் நடந்தது. 1231ஆம் ஆண்டுத் தவக்காலம் முழுவதும் அவர் அங்கே நாள்தோறும் பிரசங்கம் செய்தார். கோயில்கள் கொள்ளாமல் கூட்டம் வெளித் திடல்களுக்குப் பெருகியதையும், வணிகர்கள் கடைகளை மூடிவிட்டுக் கேட்க வந்ததையும், அவருடைய உடையில் ஒரு நூலையாவது பிய்த்துக்கொள்ள மக்கள் முண்டியடித்ததால் இளைஞர்கள் சூழ நின்று காவல் காத்ததையும், அவர் இறந்த மறு ஆண்டே எழுதப்பட்ட முதல் வரலாறு சொல்கிறது. அப்போது பதுவை வட்டித் தொழிலில் கொழித்த நகரம். வாங்கிய கடனைத் திருப்பித் தர இயலாதவனைச் சிறையில் அடைத்துவிடுவார்கள்; உள்ளே கிடப்பவன் உழைத்துச் சம்பாதிக்க வழியில்லாததால், கடனும் தீராது, சிறையும் தீராது. அந்தோனியார் மேடையிலிருந்து வட்டிக்காரரைக் கண்டித்ததோடு நிற்காமல், நகர ஆட்சியாளரிடம் முறையிட்டார். அதன் பயனாக 1231 மார்ச் 15ஆம் திகதி நகர மன்றம் ஒரு சட்டம் இயற்றியது: தன் உடைமைகளைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டவனைக் கடனுக்காகச் சிறையில் வைக்கலாகாது. சட்ட வாசகத்திலேயே, வணக்கத்துக்குரிய சகோதரர் அந்தோனியின் வேண்டுகோளுக்கு இணங்க என்று எழுதப்பட்டிருக்கிறது. அது கடனைத் தள்ளுபடி செய்யவில்லை என்பதையும் நாம் மறைக்காமல் எழுத வேண்டும். வீட்டையும் மாட்டையும் எடுத்துக்கொள்ளலாம், ஆளை எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற அளவில்தான் அது நின்றது. ஆனாலும், தள்ளாத உடம்போடு இருந்த ஒரு துறவி, தாம் இறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன் ஒரு நகரத்தின் சட்டத்தையே மாற்ற வைத்தார் என்பது, என் பார்வையில், மீன்கள் தலைநீட்டிக் கேட்டதைவிடப் பெரிய அற்புதம்.

இதே பொருளில் ஒரு மரபுக்கதையும் உண்டு; பிள்ளைகளுக்குச் சொல்ல அதுவே பொருத்தமாக இருக்கும். பெரும் பணம் சேர்த்த வட்டிக்காரன் ஒருவன் இறந்தபோது, அடக்கத்தில் பிரசங்கம் செய்த அந்தோனியார், இவனுடைய இதயம் இவன் உடலில் இல்லை, பணப்பெட்டியில் இருக்கிறது என்றாராம். உறவினர்கள் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்க, காசுகளுக்கு நடுவே அது சூடு ஆறாமல் கிடந்ததாம். இக்காட்சியை டொனாத்தெல்லோ என்னும் சிற்பி 15ஆம் நூற்றாண்டில் வெண்கலத்தில் வார்த்தார். பதுவைப் பேராலயத்தின் பெரிய பீடத்தில் இன்றும் அதைக் காணலாம். சிறுநூலுக்கு ஒரு படம் வேண்டுமென்றால் இதையே போடலாம்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். நம் முன்னோர், தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணியிடம் முற்பணம் வாங்கிக் கடல் கடந்து வந்தவர்கள். வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று எல்லாமே அவர்கள் பெயரில் கடனாக ஏறின. தோட்டத்தில் முதல் பேர் (ஒரு நாள் வேலைப் பதிவு) விழுவதற்கு முன்பே அவர்கள் கடனாளிகள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், இவ்வளவு தொகையைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் அப்படியே இவன் தோளில் தொடரும். முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டுப் போனவனைச் சிறைக்கு அனுப்ப 1865ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது. துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921இல்தான். பதுவையில் 1231இலேயே பிரிக்கப்பட்ட கடனும் ஆளும் இங்கே பிரிய மேலும் 690 ஆண்டுகள் எடுத்தன என்பதை, பிரசங்கம் செய்யும் சுவாமியார் ஒரு வரியாவது சொன்னால், லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகளின்) பிள்ளைகள் தங்கள் பாட்டனுக்காகப் பேசிய ஒருவரைத்தான் தேரில் வைத்து இழுக்கிறோம் என்று உணர்வார்கள்.

வரலாறு தெரியாவிட்டாலும் நம் பெண்களுக்கு விஷயம் தெரிந்தே இருந்தது என்பது என் எண்ணம். செவ்வாய்க்கிழமை மாலையில் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டிலில்) கொழுந்து நிறுத்துவிட்டு, இடுப்பில் சுற்றியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து வாசலில் வைத்து, ஈரக் காலோடு நவநாளுக்கு வருவார்கள். அவர்களில் பாதிப்பேர் சைவ வீட்டுப் பெண்கள். நெற்றியில் திருநீறு அழியாமல் இருக்கும். உப்பும் மிளகும் போட்டு, மெழுகுதிரி ஏற்றிவிட்டு, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த அடகுச் சீட்டை எடுத்து நான்காக மடித்து, சொரூபத்தின் பாதத்துக்கும் பலகைக்கும் இடையில் செருகுவார்கள். தோடு மீட்கப்பட்ட பிறகுதான் அந்தச் சீட்டு அங்கிருந்து எடுக்கப்படும். உபதேசியார் அலமாரியைத் துடைக்கும்போதுகூட அவற்றைக் கலைக்க மாட்டார். இன்று அதே பெண்களின் பேத்திமார் நுண்கடன் தவணைக்காகப் படும் பாட்டை ஊருக்குப் போய்வந்த எல்லோரும் அறிவீர்கள். ஆகவே இது பழங்கதை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை ஏன் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அந்தோனியார் 1231 ஜூன் 13 வெள்ளிக்கிழமையன்று, மாட்டு வண்டியில் பதுவைக்குத் திரும்பும் வழியில், ஆர்செல்லா என்ற இடத்தில் இறந்தார். அடுத்த செவ்வாயன்று அடக்கம் செய்யப்பட்டார். அந்த நாளே பக்திக்குரிய நாளாக நிலைத்தது. ஓராண்டு முடியும் முன்பே, 1232 மே 30இல், திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். திருவிழாவில் நாம் பகிரும் ரொட்டியின் கதையும் கேட்கப்பட்டது: நீரில் மூழ்கி இறந்த தன் பிள்ளை பிழைத்தால் அதன் எடைக்கு எடை கோதுமையை ஏழைகளுக்குத் தருவதாக ஒரு தாய் நேர்ந்துகொண்டாள் என்பதே அதன் மூலம் என்பார்கள். அந்தோனியார் திருத்தலங்களான கொச்சிக்கடைக்கும் வஹாக்கோட்டைக்கும் நம்மவர் போகும் யாத்திரைகளைப் பற்றி வேறு உறவுகள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள்.

ஒன்றை மட்டும் நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தம் கடைசிக் காலத்தில் அவர் வெரோனாவுக்குப் போய், எத்சலீனோ என்னும் கொடிய பிரபுவிடம், சிறைப்பட்டிருந்த கோமகன் ஒருவரை விடுவிக்குமாறு மன்றாடினார். பிரபு மசியவில்லை, வெறுங்கையோடு திரும்பினார். கோடி அற்புதருக்கு இது இழுக்கு என்று சிலர் கருதலாம். துரையின் அலுவலக வாசலில் நின்று திரும்பி வந்தவர்களின் வழிவந்த நமக்கு அப்படித் தோன்றாது.

சிறுநூலின் பக்கங்களைக் கோயில் குழு இம்மாத இறுதியில் அச்சுக்குக் கொடுக்கிறது. யாருடைய வீட்டிலாவது பழைய துண்டு, பற்றுச்சீட்டு, செக்ரோல் (வேலை நாள் பதிவேட்டுத்) தாள் ஏதேனும் இருந்தால் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள்; ஆட்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மறைத்தே அச்சிடுவோம். ஜூன் மழையில் தேர் போகும் வழி சேறாகி விடுவதால், சொரூபத்தை மூடக் கனமான பொலித்தீன் விரிப்பொன்றும் தேவைப்படுகிறது. அதன் செலவை ஏற்க விரும்பும் உறவுகள் பொருளாளர் அக்காவுக்குத் தனியாக எழுதவும்.

அன்புடன்,
மேல் டிவிஷன் ஊரவன் ஒருவன்