மைனருக்கு மினிலைட் ரிம்: எங்கட வீட்டுக் குழு

சனிக்கிழமை

[18:52] கிளிநொச்சித் தம்பி: மாமா, மொரிஸ் மைனர் தௌசண்ட் காருக்கு அலோய் (கலப்பு உலோக) ரிம் ஒரு செற் விலைக்கு வந்திருக்கு. 14 அங்குலம், 8 கால் வைச்ச மினிலைட் வடிவம். "4 நட்டு எண்டா ஏறும்" எண்டு விக்கிறவர் சொல்லுறார். நாளைக்குக் காசு குடுக்கட்டோ?

[18:58] வவுனியா மாமா: பொறு. காசு குடுக்க முதல் பிசிடியை, அதுதான் நட்டு ஓட்டைகளின்ர நடுவுக்குள்ளால போற வட்டத்தின்ர விட்டத்தை, அளந்து சொல்லு. எதிரெதிர் ஓட்டை ரெண்டை எடு. ஒண்டின்ர இடப்பக்க விளிம்பிலயிருந்து மற்றதின்ர இடப்பக்க விளிம்பு மட்டும் அள. அதுதான் மையத்துக்கு மையம். மைனருக்கு 4 அங்குலம், எண்டா 101.6 மில்லிமீற்றர். அடிமட்டம் வேண்டாம், வேனியரால பார்.

[19:21] கிளிநொச்சித் தம்பி: (படம்) 100 காட்டுது மாமா. ஒண்டரை மில்லிமீற்றர்தானே வித்தியாசம்?

[19:27] வவுனியா மாமா: அது விட்ஸ் மாதிரி ஜப்பான் காருகளின்ர கணக்கு. விடு. ஏறாட்டிப் பிரச்சினை இல்லை, ஏறுறதுதான் பிரச்சினை. ஒவ்வொரு ஸ்டட்டும் (நட்டு ஏறுற புரிக்கம்பி) ஓட்டையின்ர நடுவிலயிருந்து 0.8 மில்லிமீற்றர் விலகி நிக்கும். நட்டின்ர கூம்பு ஓட்டையின்ர வெளிச்சுவரில மட்டும் முட்டும். இறுக்க இறுக்க ஸ்டட் உள்ளுக்கு வளையும். ஓடேக்க சில்லு சுத்துற ஒவ்வொரு சுத்துக்கும் அது வளைஞ்சு நிமிரும். கட்டுக்கம்பியை மடிச்சு மடிச்சு முறிக்கிற மாதிரித்தான். முதல் நட்டு இளகும், பிறகு ஸ்டட் அடியோட போகும்.

[19:30] மாங்குளம் அண்ணை: நட்டைக் கழட்டிக் கூம்பைப் பார்த்தாலே தெரியும் தம்பி. சரியான ரிம் எண்டா சுத்திவர ஒரே மாதிரி மினுங்கும். பிசிடி பிழைச்ச ரிம்மில பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும் மினுங்கும், மற்றப் பக்கத்தில பெயின்ற் அப்பிடியே இருக்கும்.

[19:33] கிளிநொச்சித் தம்பி: ஓட்டையை லேத்தில குடுத்துப் பெருப்பிச்சா?

[19:35] வவுனியா மாமா: வேண்டாம். நட்டு இருக்கிற கூம்பு இருக்கை அதோட போயிடும். பிறகு நட்டுக்குப் பிடிமானமே இல்லை.

[19:41] பெரியக்கா: தம்பி, மைனருக்கு எண்டே செய்த செற் தேடு, இல்லாட்டி எம்ஜி மிட்ஜெற், ஸ்பிரைற் ரிம்மும் 4 அங்குலம்தான். அதுகள் 13 அங்குலம், ஏறும், ஆனா வண்டி பதிஞ்சு போகும். மினிக்கும் அதே 4 அங்குலம், ஆனா 10, 12 எண்டு சின்னது, ஓஃப்செற்றும் (ரிம்மின்ர நடுக்கோட்டிலயிருந்து அது காரோட முட்டுற முகம் எவ்வளவு தள்ளி இருக்கு எண்டது) வேற. அதைத் தொடாதை.

[19:44] பெரியக்கா: வடிவம் நல்ல தெரிவு. மினிலைட் 1960களில ரேஸ், ரலி மினிகளில ஓடின ரிம். மைனர் தௌசண்ட் 1956இல வந்தது, மைனர் செய்யிறது 1970களின்ர தொடக்கம் மட்டும் நடந்தது. ரெண்டும் ஒரே காலம், அதால பொருந்தும். அந்தக் காலத்து அசல் மினிலைட் மக்னீசியம். பாரம் குறைவு, ஆனா ஈரமும் உப்பும் பட்டா அரிச்சுக்கொண்டு போகும். இப்ப வாறது அலுமினிய வார்ப்பு, ரோட்டில ஓட அதுதான் சரி. நிறம் மங்கல் வெள்ளி எடு. கறுப்பு அடிச்சு விளிம்பை மட்டும் பளபளப்பாக்கினா மைனரின்ர உருண்டை மட்காட்டுக்குக் கீழ கண்ணை உறுத்தும்.

[19:52] முல்லைத்தீவுச் சித்தப்பா: எவ்வளவு அகலம் எடுக்கிறாய்? அகலமா இருந்தா வடிவு எண்டு 6 அங்குலத்துக்குப் போகாதை. பின் மட்காட் மைனருக்குச் சில்லை மூடிக்கொண்டு இறங்கும். 5ஜே (5 அங்குல அகலம்) காணும், 5.5 தான் எல்லை.

[19:58] கிளிநொச்சித் தம்பி: ரயர் 165/70 ஆர் 14 யோசிச்சன் சித்தப்பா. அகலம் 165 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில 70 வீதம், ரிம் 14 அங்குலம்.

[20:06] பெரியக்கா: கணக்கைப் பார். 155/80 ஆர் 14 ரயரின்ர விட்டம் 604 மில்லிமீற்றர் அளவு. 165/70 எண்டா 587. 17 குறைய, வண்டி 8 மில்லிமீற்றர் பதியும். மீற்றர் 60 காட்டேக்க உண்மையில 58 அளவிலதான் ஓடுவாய். பெரிய பாதிப்பு இல்லை. ஆனா ரயரின்ர பக்கச்சுவர் 124இலயிருந்து 115க்கு இறங்குது.

[20:09] மாங்குளம் அண்ணை: அந்த 9 மில்லிமீற்றர்தான் எங்களுக்குத் தேவை. ஏ9 பெருந்தெருவில ஓடுறவைக்கு 165/70 சரி. உள்ளுக்குக் கிரவல் ரோட்டு, மதகு விளிம்பு, மழைக்குப் பிறகு தண்ணி நிண்டு ஆழம் தெரியாத கிடங்கு எண்டு ஓடினா 155/80 போடு. இரும்பு ரிம் அடிபட்டா நெளியும், தட்டி எடுக்கலாம். வார்ப்பு அலோய் வெடிக்கும். காத்து 26 பிஎஸ்ஐ அளவில வை. இறக்கி ஓடினா ரிம் நேர கல்லில அடிபடும்.

[20:15] கிளிநொச்சித் தம்பி: ஓஃப்செற் எப்பிடிப் பார்க்கிறது? ரிம்மில ஒண்டும் எழுதேல்லை எண்டா?

[20:24] வவுனியா மாமா: ரிம்மைக் குப்புறக் கவிழ். உள்விளிம்புக்குக் குறுக்கால ஒரு நேரான சலாகை வை. சலாகையிலயிருந்து ஹப்பில முட்டுற முகம் மட்டும் ஆழத்தை அள. 5.5ஜே ரிம்முக்கு விளிம்போட முழு அகலம் 165 அளவு வரும், பாதி 82.5. ஆழம் 100 எண்டா 100இலயிருந்து 82.5 கழிச்சு 17.5, அதுதான் ஓஃப்செற். உன்ர பழைய இரும்பு ரிம்மையும் இதே மாதிரி அள. புது ரிம் உள்ளுக்கு எவ்வளவு கூட வருது, வெளியில எவ்வளவு கூட வருது எண்டு ரெண்டு இலக்கம் கிடைக்கும். உள்ளுக்குக் கூடினா ரிம் ஸ்ரியரிங் ஆர்மில முட்டும், வெளியில கூடினா மட்காட் உரசும்.

[20:27] வவுனியா மாமா: முட்டுது எண்டு ஸ்பேசர் (ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில வைக்கிற தட்டு) போடுற எண்ணம் வேண்டாம். ஸ்டட் 3/8 அங்குல யுஎன்எஃப் (நுண்புரி), அங்குலத்துக்கு 24 புரி. ஒரு புரி 1 மில்லிமீற்றருக்கு மேல மட்டுமட்டு. 5 மில்லிமீற்றர் ஸ்பேசர் கிட்டத்தட்ட 5 புரியைத் திண்டிடும். அலோய் ரிம் ஏற்கெனவே இரும்பு ரிம்மை விடத் தடிப்பு. நட்டைக் கையால சுத்தி எண்ணு: முட்டுறதுக்குள்ள 9 சுத்தாவது வரோணும். 6, 7 எண்டா நீள ஸ்டட் போட்டுத்தான் ஆகோணும்.

[20:31] முல்லைத்தீவுச் சித்தப்பா: நட்டையும் ரிம்மோட சேத்து வாங்கு. கூம்பு நட்டு ஒரு விதம், வொஷரோட குழாய் மாதிரி உள்ளுக்கு இறங்கிற நட்டு வேற விதம். மாறிப் போட்டா இறுக்கினது மாதிரித்தான் தெரியும், இறுகியிராது.

ஞாயிற்றுக்கிழமை

[08:10] கிளிநொச்சித் தம்பி: அந்த 100 செற்றை வேண்டாம் எண்டு சொல்லியாச்சு. மைனருக்கு எண்டு ஒரு 5ஜே செற் இருக்காம், பாவிச்சது. வெடிப்பு இருக்கோ எண்டு பார்க்க வழி?

[08:22] மாங்குளம் அண்ணை: மண்ணெண்ணெயும் சோக்கும் காணும். கால்கள் நடுவோட சேருற மூலையும் நட்டு ஓட்டையைச் சுத்தியும் ஊத்தையை நல்லாக் கழுவிக் காய விடு. மண்ணெண்ணெயைப் பூசி 20 நிமிசம் விடு. சீலையால ஈரம் இல்லாமல் துடை. பிறகு வெள்ளைச் சோக்கை மாவாக்கி மேல தடவு. வெடிப்பு இருந்தா உள்ளுக்கு நிண்ட மண்ணெண்ணெய் ஊறி வந்து மயிர் மாதிரி ஒரு கறுத்தக் கோடு விழும். கோடு கண்டா அந்த ரிம் கதிரைக்குக் கால் வைக்கத்தான். பெயின்ற் தடிப்பா இருந்தா கோடு வராது, அந்த இடத்தைச் சுரண்டிப் போட்டுத்தான் பார்க்கோணும். புதுசாப் பெயின்ற் அடிச்ச பழைய ரிம் எண்டா கூடக் கவனம்.

[08:26] மாங்குளம் அண்ணை: உள்விளிம்பில ஒட்டு வைச்சதும் பார். விரலால சுத்திவரத் தடவு, ஒட்டின இடம் தடிப்பாத் தட்டுப்படும்.

[08:40] வவுனியா மாமா: ரிம் போட முதல் முன்பக்க ட்றனியனை (முன் சில்லைத் தாங்கித் திரும்ப விடுற புரி மூட்டு) பார். மைனரில சில்லு மடிஞ்சு விழுறது அங்கதான், கிரீஸ் இல்லாமல் புரி தேஞ்சு போறதால. ஜக் வைச்சுத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டு. ஆட்டம் இருந்தா முதல் அதைச் செய். அகலச் சில்லு அந்தப் புரிக்குக் கூடப் பாரம். நிப்பிளால கிரீஸ் அடிக்கேக்க பழையது வெளியில வழியிற மட்டும் அடி.

[08:49] வவுனியா மாமா: பூட்டுறது இப்பிடி. பிரேக் ட்றம் முகத்தில துரு, பழைய பெயின்ற் எல்லாம் வயர் பிரஷ்ஷால எடு. ட்றம்மைப் பிடிக்கிற ரெண்டு ஆணியும் தலை மேல நிக்காமல் இறங்கியிருக்கோணும், நிண்டா ரிம் சரிஞ்சு இருக்கும். முகத்தில மெல்லிசாக் கிரீஸ் தடவலாம், ஸ்டட்டிலயும் கூம்பிலயும் வேண்டாம். முதல் ரயர் இல்லாமல் ரிம்மை மட்டும் போட்டுச் சுத்திப் பார். முன்னுக்குக் கிரீஸ் மூடி ரிம்மின்ர நடு ஓட்டையில முட்டக் கூடாது. நாலு நட்டும் கையால ஏத்தி, குறுக்கு மாறி இறுக்கு. சில்லு நிலத்தில பட்ட பிறகு கடைசி இறுக்கு, 60 நியூட்டன் மீற்றர் அளவு. டோர்க் றெஞ்ச் இல்லாட்டி ஒரு அடி நீள ஸ்பானரில 20 கிலோ பாரம் குடுக்கிற இழுவை. காலால மிதிக்காதை, காத்துத் துப்பாக்கியும் வேண்டாம். 3/8 ஸ்டட் மெல்லிசு, இழுபட்டுப் போகும். 50 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு திரும்ப இறுக்கிப் பார், புது அலோய் கொஞ்சம் அமரும்.

[08:57] பெரியக்கா: பின் மட்காட் உள்விளிம்பில சோக் தடவி, பின் இருக்கையில மூண்டு பேரை ஏத்தி ஒரு மேடு ஏறி இறங்கு. சோக் அழிஞ்சிருந்தா உரசுது. முன்னுக்கு ஸ்ரியரிங்கை ரெண்டு கரைக்கும் முழுக்க வெட்டிப் பார்.

[09:05] முல்லைத்தீவுச் சித்தப்பா: பலன்ஸ் பண்ணேக்க விளிம்பில அடிக்கிற ஈயக்கட்டை போட விடாதை. பூச்சுக் கீறுப்பட்டு அதுக்குள்ள உப்பு இறங்கி அலுமினியம் வெள்ளைப் பொடியாப் பூக்கும். உள்ளுக்கு ஒட்டுற கட்டை கேள். எங்கட கடற்கரைப் பக்கம், ஆனையிறவுப் பக்கம் ஓடிப்போட்டு வந்தா அண்டைக்கே நல்ல தண்ணி அடி. கிணத்துத் தண்ணி எண்டா துடைச்சும் விடு, காய விட்டா வெள்ளைப் படலம் பிடிக்கும். சேர்விஸ் பண்ணுற இடத்தில அசிற் அடிக்க விடாதை.

[09:12] கிளிநொச்சித் தம்பி: ஸ்பெயாருக்கு பழைய இரும்புச் சில்லையே வைக்கட்டோ? 5 ரிம் இல்லை, 4 தான் இருக்கு.

[09:15] வவுனியா மாமா: வை. ஆனா அலோய் நட்டு இரும்பு ரிம்முக்குப் பொருந்தாமல் போகலாம். பழைய இரும்பு நட்டு 4ஐயும் பையில கட்டி டிக்கியில போடு. பின் சில்லு கழட்டேக்க ஜக்கை அச்சில வைக்காமல் காரின்ர பொடியில (உடலில) வை. அச்சு தொங்கினாத்தான் ரயர் மட்காட்டுக்குக் கீழால வரும்.

[09:18] கிளிநொச்சித் தம்பி: சரி மாமா. பின்னேரம் வேனியர், சலாகை, மண்ணெண்ணெய், சோக் கொண்டு போறன். அளந்து படம் போடுறன்.

[09:19] மாங்குளம் அண்ணை: நாலு ரிம்மையும் அள தம்பி, ஒண்டை மட்டும் அளக்காதை. பாவிச்ச செற்றில ஒண்டு மாறி வாறது நடக்கும்.