மயானத்துப் போர்க்கல்லை ஊருணிக்கரைக்கு மாற்றலாமா, கூடாதா?

ஊருணிக்கரை:
நம்ம ஊர் மயானக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கல் நிற்பது பாதிப் பேருக்குத் தெரியாது. 1914-1919 பெரும்போருக்கு, அதாவது முதல் உலகப்போருக்கு, இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று இங்கிலீஷில் வெட்டியிருக்கிறது. சுற்றிலும் சீமைக்கருவேலம், வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்தெல்லாம் மூடிப்போய், விரலால் தடவினால்தான் பிடிபடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற வழியில், ஊருணிக்கரையில் அதை வைக்க வேண்டும்.

பட்டாளத்தான்:
வேண்டாம் தம்பி. நானும் சீருடை போட்டவன். செத்தவனுக்கு மரியாதை செய்கிற இடம் மயானம்தான். கரைக்கு வந்தால் அடுத்த தேர்தலுக்குள் அதன் மேல் போஸ்டர் ஒட்டுவான், பக்கத்தில் கொடிக்கம்பம் நடுவான், மைக் செட்காரன் ஒயரைச் சுற்றுவான். கருவேலத்தை வெட்டுங்கள், போதும்.

கீழத்தெரு மகள்:
அண்ணே, நம்ம ஊரில் பொம்பளைகள் மயானத்துக்குப் போவதில்லையே, அதை யோசித்தீர்களா? எங்க அப்பத்தாவைப் பெற்றவர் அந்தப் போரில் பஸ்ராவுக்கு, இப்போதைய ஈராக்குக்கு, போய் வராமலே போனார். அப்பத்தா இதே ஊரில் கிழவியாகிச் செத்தது, அந்தக் கல்லை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் உடம்பு அங்கே மெசபடோமியா (ஈராக்கின் பழைய பேர்) மண்ணில் கிடக்கிறது, கல்லுக்கு அடியில் யாரும் இல்லை. பிறகு எதற்கு மயானம்?

பட்டாளத்தான்:
தாயி, நீ சொல்வது நியாயம்தான், ஆனால் எனக்கு வலிப்பது வேறு. கல்லில் ஒரு பேர்கூட இல்லை, வெறும் எண்ணிக்கை. பஸ்ரா நினைவுச் சின்னத்திலும் இதே கதைதான்: வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பேர் வெட்டினான், நம்ம ஆட்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பேர், மற்றவர்களுக்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் இதற்கு மன்னிப்புக் கேட்டது. பேர் இல்லாத கல்லை எங்கே வைத்தால் என்ன? முதலில் பேரைத் தேடுவோம்.

ஊருணிக்கரை:
தேடுவோம், யார் வேண்டாம் என்றது? ஆனால் மயானத்தில் கிடந்தால் யார் வந்து பேர் சொல்வார்கள்? கரையில் நின்றால்தானே, கீழத்தெரு அக்கா மாதிரி நாலு பேர் எங்க வீட்டு ஆளும் போனார் என்பார்கள்.

பட்டாளத்தான்:
அப்படியென்றால் பழைய கல்லைத் தொடாதே. பெயர் கிடைத்ததும் தமிழில் புதுக்கல் வெட்டி, கரையில் கம்பிவேலி போட்டு வை. செலவில் என் பங்கு உண்டு.

கீழத்தெரு மகள்:
எனக்குப் பழைய கல்லும் வேண்டும் அண்ணே, அதில்தான் எங்க ஆளையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். நான் விடமாட்டேன். ஊர்க்கூட்டத்தில் பேசிக்கொள்வோம், வீட்டுப் பெட்டியில் பழைய பென்ஷன் காகிதம், மெடல் இருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள்.