மறு: ஏஞ்சல்ஸ் ஷேர் – தமிழ்ல என்ன வைக்கலாம்?

குடந்தை அண்ணன் எழுதினது:
> "தேவதைப் பங்கு"ன்னு நேரா வச்சுட்டுப் போயிடலாமே, இதுக்குப் போயி ஏன் இவ்ளோ இழுக்கறீங்க

அண்ணே, இழுக்க வேண்டிய விஷயம்தான். நம்ம பக்கம் தேவதைன்னா கிராம தேவதை, எல்லை தேவதை, அதுக்குப் பங்குன்னா படையல்னுதான் எடுத்துக்குவாங்க. சொல்ல வந்தது அது இல்லையே. ஓக் மரப் பீப்பாயில விஸ்கியை ஊத்தி வருஷக்கணக்கா வைக்கிறாங்க, உள்ள இருக்கற தண்ணியும் ஆல்கஹாலும் கொஞ்சம் கொஞ்சமா மரத்து வழியா ஆவியா போயிக்கிட்டே இருக்கு, திறந்து பாத்தா ஊத்துன அளவு இல்ல. அந்தக் காணாமப் போனதைத்தான் இங்கிலீஷ்ல ஏஞ்சல்ஸ் ஷேர்ங்கறாங்க, அதுக்குத்தான் தமிழ்ப் பேரு தேடறோம்.

பாட்டில் வாங்கற இடத்துல இந்தச் சமாச்சாரம் நிறைய உதவும், அதனாலதான் சரியான சொல்லா வேணும்னு அடம்பிடிக்கறேன். ஸ்காட்லாந்துல வருஷத்துக்கு சுமாரா 2% போகும்பாங்க. பெங்களூர்ல விஸ்கி வடிக்கற அம்ருத் கம்பெனிக்காரங்க சொல்ற கணக்கு 10லேர்ந்து 12%. இப்ப 200 லிட்டர் பீப்பாய் ஒண்ணை 12 வருஷம் வச்சா அங்க 157 லிட்டர் மிஞ்சும், 10%னு வச்சாலே இங்க 56 லிட்டர்தான் தேறும், மீதியெல்லாம் காத்தோட போச்சு. போறது மட்டும் இல்ல, வெக்கையில மரத்துலேர்ந்து சாறு இறங்கறதும் வேகமா நடக்குது, அதனால நம்ம நாட்டு மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டுன பார்லி விஸ்கிக்கு, நாலஞ்சு வருஷமே நல்ல முதிர்ச்சி, அதுக்கு மேல ரொம்ப வச்சா மரக்கசப்புதான் மிஞ்சும். அம்ருத் பாட்டில் பலதுல வயசே போடறதில்ல. 8 வருஷம் வச்சு எடுத்த ஒண்ணுக்கு "கிரீடி ஏஞ்சல்ஸ்"னு பேரு வச்சாங்க, அதாவது பேராசை புடிச்ச தேவதைங்க, அவ்ளோ போயிருந்துச்சு. இது தெரியாம கல்யாண வீட்டு மாடியில உக்காந்துக்கிட்டு "12 வருஷம் போடலன்னா நான் கையால தொடமாட்டேன்"னு சொல்ற மாமாக்கள் எல்லா ஊர்லயும் இருக்காங்க. ஸ்காட்ச்ல அந்த 12ங்கறதும் உள்ள கலந்திருக்கறதுலயே சின்னதோட வயசுதான், எல்லாமே 12ன்னு அர்த்தம் இல்ல.

இன்னொண்ணும் இருக்கு. நம்ம கடையில மலிவா விக்கற "விஸ்கி" முக்காவாசி கரும்பாலைக் கழிவுப்பாகு மொலாசஸ்லேர்ந்து வடிச்ச ஸ்பிரிட்டுல கொஞ்சம் மால்ட்டையும் வாசனையையும் கலந்தது. ஐரோப்பாவுல தானியத்துலேர்ந்து வடிச்சாத்தான் விஸ்கின்னே பேரு போட விடுவான். அந்த மொலாசஸ் ஸ்பிரிட்டு பீப்பாய் முகத்தையே பாக்கறதில்ல, அதனால காத்துல போறதும் இல்ல, விலையும் கம்மி. நல்ல பாட்டிலுக்கு நாம குடுக்கற காசுல ஒரு பகுதி நாம குடிக்காத சரக்குக்குத்தான்.

சரி சொல்லுக்கு வரேன். நகைக்கடை வச்சிருக்கற நண்பர் "பீப்பாய்ச் சேதாரம்"னாரு. அர்த்தம் பக்கத்துலதான் இருக்கு, வாங்கறவன் தலையிலதான் விழுது, அதுவும் பொருந்துது. ஆனா சேதாரம்னா தொழில்ல ஆகற நஷ்டம், குறைச்சுக் குடுங்கன்னு பேரம் பேசுவோம். இங்க ஆவி போறது சரக்கு முதிர்றதோட சேந்தே நடக்கற வேலை, அதை நஷ்டம்னு மட்டும் எழுதுனா பாதிதான் சொன்ன மாதிரி. ஸ்காட்லாந்து கிடங்குகளைச் சுத்தி சுவரு, மரமெல்லாம் கறுப்பா படிஞ்சிருக்கும், அந்த ஆவியை வச்சே வளர்ற ஒரு பூஞ்சை, பௌடோயினியான்னு 2007ல பேரு வச்சாங்க. ஆக பங்கு வாங்கறது யாருன்னு சுவத்துலயே எழுதியிருக்கு, தேவதை பாவம்.

அதனால என் ஓட்டு "ஆவிப்பங்கு". ஆவின்னா வேப்பர், ஆவின்னா கண்ணுக்குத் தெரியாம வந்து போறதும்தான், ரெண்டும் ஒரே சொல்லுல உக்காருது, எதையும் ஒட்டுப்போட வேண்டியதில்ல.

– திருவையாறு

மாயவரத்து அக்கா எழுதினது:

ஆவிப்பங்கு கேக்க நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா நம்ம டெல்டாவுலேயே இதுக்கு அச்சா ஒரு சொல்லு கிடக்கே, மேல்வாரம்! விளைச்சல்ல நிலத்துக்காரருக்கோ சர்க்காருக்கோ போற பங்கு மேல்வாரம், உழுதவன் பங்கு குடிவாரம். ஆவியும் மேலதான் போகுது, பங்கும் மேலதான் போகுது. பீப்பாயில மிஞ்சறதுக்கு குடிவாரம்னு வச்சா குடிக்கறவன் பங்குன்னு அதுவும் சேந்துடும் பாருங்க :) நானே எழுதிட்டு நானே சிரிச்சுக்கிட்டு இருக்கேன்.

திருவையாறு எழுதினது:

அக்கா, குடிவாரம் அபாரம், அதை எங்கயாவது கண்டிப்பா உபயோகப்படுத்தணும். ஆனா மேல்வாரத்தை நான் ஒத்துக்கமாட்டேன். எங்க தாத்தா வாரத்துக்கு உழுதவரு, அந்தச் சொல்லு வீட்டுல சிரிப்போட வந்ததே இல்ல. தஞ்சாவூர்ல 1952ல பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே இந்தப் பங்கு சண்டையாலதான். உழைச்சவன் கையிலேர்ந்து புடுங்குனதுக்கும் தானா காத்துல போறதுக்கும் ஒரே பேரு வேணாம். அதுவும் போக இப்ப உள்ள புள்ளைங்களுக்கு வாரம்னா ஏழு நாளு, மேல்வாரம்னா அடுத்த வாரம்னு நினைச்சுக்கும்.

காரைக்கால் தம்பி எழுதினது:

அண்ணே குறுக்க வரேன் மன்னிக்கணும். எங்க ஊரு புதுச்சேரி கணக்குல வர்றதால சுத்துவட்டாரத்துலேர்ந்து எல்லாரும் இங்கதான் வருவாங்க, கடையில நின்னுக்கிட்டு எது நல்லதுன்னு என்னைத்தான் கேக்கறாங்க. ஆவிப்பங்கு புரிஞ்சுது, ஆனா லேபிள்ல அது எங்கயும் எழுதியிருக்காதே, எதைப் பாத்து வாங்கறது?

திருவையாறு எழுதினது:

நியாயமான கேள்வி தம்பி. முதல்ல சிங்கிள் மால்ட்டுன்னு இருக்கான்னு பாரு, முளைகட்டுன பார்லி மட்டும், ஒரே வடிசாலை. அப்புறம் எந்தப் பீப்பாய்னு பாரு, அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்த பீப்பாய்னா வனிலா, தேங்கா வாசனை வரும், ஷெர்ரி ஒயின் பீப்பாய்னா உலர்ந்த திராட்சை, அத்திப்பழம். ஆல்கஹால் 46%ம் சில் ஃபில்டர் பண்ணலன்னும் போட்டிருந்தா என் கை அங்கதான் போகும், குளிர வச்சு வடிகட்டும்போது வாசனை தர்ற கொழுப்பு அமில எஸ்டர்ல கொஞ்சம் போயிடுது. நிறத்தை நம்பவே நம்பாத, ஸ்காட்ச்லயே கேரமல் சேக்க அனுமதி இருக்கு. புகை வாசனை புடிக்கும்னா ஸ்காட்லாந்தோட ஐலா தீவு சரக்கு, லாஃப்ராய்க், ஆர்ட்பெக் மாதிரி, புடிக்கலன்னா அந்தப் பக்கமே போகாத, மூணு நாளு மூக்குல நிக்கும்.

குடிக்கறதுல ஒரு விஷயம். ரூம் டெம்பரேச்சர்ல குடிங்கன்னு புத்தகத்துல போட்டிருக்கறது ஸ்காட்லாந்து ரூமு. சித்திரையில நம்ம வீட்டு ரூமு 37 டிகிரி, ஆல்கஹால்தான் மூக்கைக் குத்தும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் பிரிட்ஜுல வச்சு எடு, தப்பே இல்ல. அப்புறம் ரெண்டு சொட்டு தண்ணி. புகை வாசனை தர்ற குவையகால் தண்ணி சேந்தா மேல் பரப்புக்கு வருதுன்னு 2017ல ஸ்வீடன் லின்னேயஸ் பல்கலைக்கழகத்து ரெண்டு பேரு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுக் காட்டுனாங்க. டம்ளரை முழுசா சோடாவுல மூழ்கடிக்கறது வேற கட்சி. அங்கேர்ந்து நாகூர் பக்கம் செக்போஸ்ட்டைத் தாண்டி பாட்டிலோட வர்ற யோசனை யாராவது கேட்டா அதுக்கு மட்டும் பதில் சொல்லாத.

குடந்தை அண்ணன் எழுதினது:

சரிப்பா தேவதையை விட்டுடறேன். நம்ம கலைச்சொல் பட்டியல்ல இப்படிப் போடவா: "ஆவிப்பங்கு – பீப்பாயில் ஊறல் போட்ட சாராயத்தில் மரத்தின் வழியே ஆவியாகிக் குறையும் பகுதி."

மாயவரத்து அக்கா எழுதினது:

அண்ணே ஊறலும் வேணாம் சாராயமும் வேணாம்! ஊறல்னா போலீஸ் காட்டுக்குள்ள போயி கொட்டி அழிக்கறது, அது வடிக்கறதுக்கு முன்னாடி உள்ள சமாச்சாரம். "முதிர வைத்த வடிமதுவில்"னு மாத்துங்க. குடிவாரத்தையும் ஒரு வரி கீழ சேத்துடுங்க, திருவையாறு தம்பியே ஒத்துக்கிச்சு.

குடந்தை அண்ணன் எழுதினது:

மாத்தியாச்சு. குடிவாரம் அடைப்புக்குறிக்குள்ள, "வழக்கு" இல்ல "வேடிக்கை"ன்னு குறிச்சிருக்கேன். அடுத்தது "ஃபினிஷ்", முழுங்குன பிறகு தொண்டையில நிக்கற ருசி. பின்சுவைன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க, அதை ஏற்கெனவே காபிக்கு எடுத்தாச்சு.