புதுப்பிப்பு: ஆச்சியின் மூக்கு சரியாகிவிட்டது

தோல் துண்டுகளை வெட்டித் தைத்து ஆச்சியின் முக உருவம் செய்கிறேன், மூக்கோரம் மேடு தட்டுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, அது சரியாகிவிட்டது. குற்றம் தையலில் இல்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறும் விளிம்பை அடிப்பக்கம் சீவாமல் விட்டதுதான். நாகர்கோவிலில் செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவர் தோலைக் கண்ணாடித் துண்டின்மேல் விரித்து, கத்தியைப் படுக்கப்போட்டு, காகிதம் போலச் சீவிக் காட்டினார். “மொதல்ல கத்தியத் தீட்டு மக்கா” என்றார்.

அப்புறம், துணி மாதிரி குண்டூசி குத்தாதீர்கள். தோலில் விழுந்த ஓட்டை மூடாது. கன்னத்தில் இரண்டு விழுந்துவிட்டன, மச்சம் என்று சமாளிக்கிறேன். சுருக்கங்களுக்குச் சாயம் போடவில்லை. மரப்பட்டையில் பதனிட்ட தோல் மொட்டைமாடி வெயிலிலேயே கருத்துவிட்டது. காதில் தொங்கும் பாம்படம் மட்டும் பாக்கி.