யூதத் திருமணக் கையேட்டுக்குத் தமிழ்ச்சொற்கள் தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் என்னுடன் பணிபுரியும் யூதத் தோழியின் திருமணத்துக்கு வரவிருக்கும் தமிழ் நண்பர்களுக்காக, சடங்குகளை விளக்கும் சிறு கையேடு ஒன்றை எழுதி வருகிறேன்.

மரபு முறையில் மணமகன் மட்டுமே மோதிரம் அணிவித்து உறுதிமொழி கூறுவார். பெண்ணைப் 'பெறுதல்' பற்றிப் பேசும் மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு, கொள்முதலுக்குரிய வினைச்சொல்லையே அங்கும் ஆள்கிறது. இதை ஏற்க மனமில்லாத மணமக்கள், இறையியலாளர் ரேச்சல் ஆட்லர் 1998இல் முன்வைத்த 'பிரித் அஹுவிம்' (அன்பர்களின் உடன்படிக்கை) முறையைத் தேர்ந்திருக்கிறார்கள். கூட்டு வணிகர்கள் தத்தம் பணத்தை ஒரே பையிலிட்டுச் சேர்ந்து தூக்கும் பழைய யூதச் சட்ட வழக்கத்தை அடியொற்றி, இருவரும் தமக்கு அருமையான பொருளொன்றைப் பையில் இட்டு, இருவருமாகவே தூக்குவார்கள். தோழி இடப்போவது, தேய்ந்து பளபளக்கும் பாட்டியின் தையல் விரலுறை. ஹுப்பா விதானமும் ஏழு ஆசிமொழிகளும் கண்ணாடிக் குவளை உடைத்தலும் அப்படியே இருக்கும்.

'பிரித்' என்பதை விவிலியத் தமிழ் 'உடன்படிக்கை' என்கிறது. எனக்கோ அதில் பத்திர அலுவலக வாடை அடிக்கிறது. இப்படி இணையும் இருவரையும் குறிக்கக் 'கூட்டாளி' என்றால் கடைப் பங்குதாரர் நினைவுக்கு வருகிறார், 'துணை' என்றால் சட்டப்பொருள் நழுவிவிடுகிறது. எபிரேயமோ சட்டத்தமிழோ அறிந்தவர்கள், 'பிரித்' என்பதற்கும் அதில் இணைபவரைக் குறிக்கவும் பொருந்தும் சொற்களை வெள்ளிக்கிழமைக்குள் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.