வயிற்றுக்குள் கோக்கும் குருதி: ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

கர்ப்பிணியின் வயிற்றுக்குள் தானாகவே இரத்தம் நிறையும் நோய்க்கு (spontaneous hemoperitoneum in pregnancy) நம் மருத்துவக் கையேட்டில் ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்குச் சென்ற மடலில் ஐயா முன்வைத்த ‘உட்குருதிப்போக்கு’ எனக்கு ஒப்பவில்லை. நம் கையேட்டுப் படியை உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியர் ஒருவரிடம் கொடுத்திருந்தேன். அந்தச் சொல் வரும் வரியில் விரலை வைத்து, “துணி நனையுமா சார்?” என்று கேட்டார். நனையாது, சிக்கலே அதுதான். வயிற்றுப்போக்கு, உதிரப்போக்கு என்று பழகிய காதுக்குப் போக்கு என்றாலே வெளியே போவதுதான்.

இங்கே நடப்பது வேறு. பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், அடியேதும் படாமலே, கருப்பையின் மேலோ பக்கத்திலோ ஓடும் இரத்தக்குழாய் ஒன்று கிழிகிறது. லிட்டர் கணக்கில்கூட இரத்தம் வயிற்றறையில் நிறையலாம். திடீரென வயிறு வலிக்கும், தாயின் நாடி வேகமெடுக்கும், குழந்தையின் இதயத்துடிப்பு தளரலாம். கர்ப்பிணியின் உடலில் இரத்தம் ஏற்கெனவே கூடியிருப்பதால் இரத்த அழுத்தம் சற்று நேரம் தாக்குப்பிடித்து நம்மை ஏமாற்றும். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். நச்சுக்கொடி பிரிந்து கருப்பைக்குள்ளேயே இரத்தம் தங்குவது தனி நோய். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

‘கசிவு’ என்றால் குழாயடியில் சொட்டுவதுபோல் இருக்கிறது. அவசரமே தெரியவில்லை.

நம் பேச்சிலேயே ‘கோத்தல்’ இருக்கிறதே! நுரையீரலில் நீர் கோக்கிறது, புண்ணில் சீழ் கோக்கிறது. சித்த மருத்துவத்தில் நீர்க்கோவை உண்டு. ஆகவே ‘வயிற்றறைக் குருதிக்கோவை’. கோயம்புத்தூர் நினைவுக்கு வருகிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

தானாக நேர்வது என்பதற்குத்தான் முன்னொட்டு அகப்படவில்லை. ‘தான்தோன்றி’ என்றால் அடங்காப்பிள்ளை. ‘தன்னெழுச்சி’ என்றால் மதுரைக்காரனுக்கு 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் தமுக்கம் மைதானம். ‘அடிபடா’ சரிவருமா?

மறுமொழி:

தம்பி, ‘கோவை’ பிடித்திருக்கிறது. ‘அடிபடா’ வேண்டாம், அதை விளக்கத்தில் ஒரு வரியாக வைத்துக்கொள்ளலாம். ‘வயிற்றறை’யில் ஏட்டு வாசம் அடிக்கிறது, வயிறு போதும். ‘பேறுகால’ என்று யாராவது சேர்க்க வந்தால் தடுத்துவிடுங்கள். நம் பக்கம் பேறுகாலம் என்றால் பிரசவத்தை ஒட்டிய நாட்கள்தான், இதுவோ ஏழாம் மாதத்திலும் வரும். ‘கர்ப்பகால வயிற்றுக் குருதிக்கோவை’ என்று எழுதி, அடியிலேயே ‘வயிற்றுக்குள் ரத்தம் கோத்தல், துணி நனையாது’ என்று போடுங்கள். போட்டு, அதே செவிலியரிடம் மறுபடி காட்டுங்கள். இம்முறை விரல் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள்.